எருமைக்கு எந்த மாதம், கேரட்டுக்கு எந்த மாதம்? நீலகிரியில் மேய்ச்சலும் விவசாயமும்

குத்தகைத் தோட்டம் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். ஊட்டிக்கு மேற்கே, எமரால்டு போகும் வழியில் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டு வருகிறேன். நைஜீரியாவில் ஃபுலானி மாட்டுக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் இடையே பல ஆண்டுகளாக நடந்து வரும் மோதல்களைப் பற்றியும், அங்கே பெனுவே மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலையே 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்ததைப் பற்றியும் சில நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே போவது மனித உயிர்கள். இங்கே அந்த நிலை இல்லை. ஆனாலும் படிக்கப் படிக்க என் தோட்டத்து வேலி ஓரம்தான் கண் முன் நின்றது.

சென்ற தை மாதம் ஒரு விடியற்காலையில் ஏழு எருமைகள் வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. நீர் பாய்ச்சிப் போடும் நீர்ப்போகக் கேரட், எழுபது நாள் பயிர். அவை தின்றது குறைவு, மிதித்ததுதான் அதிகம். குளம்பு இறங்கிய இடமெல்லாம் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி; குழி நிறைய ஸ்பிரிங்ளர் தண்ணீர்; அதன் மேல் கண்ணாடித் துண்டு போல மெல்லிய பனிக்கட்டி. பிடுங்கிப் பார்த்தால் கேரட் நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளந்த கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையோடு ஒதுக்கிவிடுவார்கள் என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும்.

பக்கத்துத் தோட்டத்தார் புகார் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் இழப்பை என் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் யாரிடம் போய் எதைக் கேட்பது?

கோர்ட்டுப் படிக்கட்டு:

சட்டப்படி உங்களுக்கு வழி இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, பயிரை அழிக்கும் கால்நடைகளை நிலத்துக்காரரோ பயிரிட்டவரோ பிடித்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அத்துமீறிய கால்நடைகளை அடைத்து வைக்கும் தொண்டுப்பட்டியில் சேர்க்கலாம். உரிமையாளர் தண்டம் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். குத்தகைக்காரருக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் இந்த மலையில் எருமை மேய்க்கும் தொதவர் (தோடர்) பழங்குடியினரின் எருமையைக் கயிறு போட்டுப் பிடித்து அத்தனை தூரம் ஓட்டிச் செல்லும் ஆளை நான் பார்த்ததில்லை. அந்தக் கொம்பைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வேலைக்கு முன்வர மாட்டார்கள்.

பழைய நில அளவர்:

தம்பி, புகாருக்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நிலத்தின் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போய், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். குத்தகைப் பணத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதும் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதும் இந்த மலையில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கிலியும் புலப்படமும் கையில் வைத்துக்கொண்டு இந்த மேடு பள்ளங்களில் நடந்தவன். என் துறையின் குறையை நானே சொல்வதில் வெட்கமில்லை. அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், கேரட் என்றால் கேரட் என்று எழுதுவோம், உருளைக்கிழங்கு என்றால் அப்படியே எழுதுவோம். எருமை மேய்ந்த புல்வெளியைத் தரிசு என்று எழுதுவோம். நூறு எருமைகள் வயிறு நிறைந்து திரும்பிய இடம் கணக்கில் ஒன்றும் விளையாத இடமாகவே நிற்கும். பிறகு யாராவது அங்கே ஏர் பூட்டினால், வீணாகக் கிடந்த நிலத்தைப் பண்படுத்தியவர் என்ற பெயர் அவருக்குக் கிடைக்கும்.

இந்தப் பழக்கம் நேற்றுத் தொடங்கியதல்ல. 1819இல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன், இந்த மலையின் நிலத்துக்குத் தொதவர்களே உரிமையாளர்கள் என்று வாதாடினார். 1827 முதல் 1832 வரை சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. அறுவடையில், இந்த மலையில் பயிரிடும் படகர்கள் தொதவர்களுக்குக் கொடுத்து வந்த ‘குடு’ என்ற தானியப் பங்குதான் அந்த வாதத்தில் முக்கியச் சான்று. அது நிலத்துக்கான வாரமா, அன்பளிப்பா, மந்திரத்துக்குப் பயந்து கொடுத்ததா என்று வெள்ளைக்கார அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தார்கள். நிலம் யாருடையது என்று இரு தரப்பும் கேட்டன. எந்த மாதத்தில் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னர் மந்துகளை, அதாவது தொதவர் குடியிருப்புகளைச் சுற்றி ஓரளவு நிலத்தை அளந்து கொடுத்தார்கள், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு அதையும் வனத்துறைக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுபோனார்கள். ஓர் ஏக்கர், ஒரு பெயர், பன்னிரண்டு மாதம் என்பதே எங்கள் பதிவேட்டின் இலக்கணம். மாதம் பார்த்து இடம் மாறும் மந்தைக்கு அதில் பத்தியே கிடையாது.

மந்துக்காரன்:

எங்களை நாடோடிகள் என்று முன்பு ஓர் இழையில் ஒருவர் எழுதியிருந்தார். அது சரியல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மந்து உண்டு, மந்துக்குப் பெயர் உண்டு, எருமைக் கோவில் உண்டு. பனிக்காலத்துக்கு ஓர் இடமும் மற்றக் காலத்துக்கு ஓர் இடமும் வைத்திருந்தோம், அவ்வளவுதான். ஊட்டிப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் மேட்டுப் புல் முழுவதும் ஒரே வாரத்தில் கருகிச் செம்பட்டையாகிவிடும். அதற்கு முன்பே மந்தையை ஓட்டிக்கொண்டு குந்தாவின் மேற்குச் சரிவுக்குப் போய்விடுவோம். மேல்காற்று மழை பிடிப்பதற்குள் திரும்பிவிடுவோம். என் பாட்டனார் அப்படிப் போய் வந்தவர். என் தந்தையார் பாதி ஆண்டுகள் போனார். நான் சிறுவனாக இருக்கும்போது இரண்டு முறை போனது நினைவிருக்கிறது.

ஏன் நின்றுபோயிற்று என்று கேட்பீர்கள். கொழும்புத் திட்டத்தில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா மின்திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று வரிசையாக அணைகள். போர்த்திமந்து அணையின் பெயரிலேயே மந்து இருக்கிறது, பாருங்கள். தண்ணீர் நிற்கும் பள்ளம்தான் புல் நிற்கும் பள்ளமும். மிஞ்சிய மேடுகளில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரத்தையும், விறகுக்கும் ரேயான் கூழுக்கும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் வைத்தார்கள். சீகைக்குக் கீழே எருமை நுழைந்து பார்த்ததுண்டா? புல்லும் இல்லை, வழியும் இல்லை. அதற்கும் அப்பால் முக்கூர்த்தி தேசியப் பூங்கா, 78 சதுர கிலோமீட்டர். வரையாட்டுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. எங்கள் எருமைக்கு அந்தப் பக்கம் போக்கிடம் இல்லாமல் போனதும் உண்மை.

ஆகவே தை மாதத்திலும் எருமை இங்கேயே நிற்கிறது. மேட்டில் புல் கருகிக் கிடக்கும்போது பச்சையாக இருப்பது பள்ளத்துச் சதுப்பு மட்டுமே. அந்தச் சதுப்பை வடித்துப் பாத்தி கட்டினால், நீர்ப்போகக் கேரட்டுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. குத்தகைத் தோட்டம் அண்ணன் சொன்ன இடம் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். எருமை தன் பழைய இடத்துக்குத்தான் வந்தது. உங்கள் கேரட் போனதற்கு எனக்கு வருத்தம் உண்டு. எருமையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மந்துப் பட்டாவை விற்க முடியாது. ஆனால் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விட்டவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பணம் வேண்டியிருந்தது. புல்லை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கேரட் போடுவதற்கு நிலம் கேட்டு ஆள் வருகிறது.

ஹட்டியின் மகள்:

தம்பி எழுதியதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வகைப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அனுபவத்தில் தெரிந்ததால் இடையில் புகுகிறேன். எருமை வைத்திருப்பவர் மண்ணின் மைந்தர், ஏர் பிடித்தவர் பின்னால் வந்து பறித்தவர் என்ற கதையாக இது மாறிவிடும். படகர்கள் இந்த மலைக்கு வந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. நாங்களும் எருமையும் பசுவும் வைத்திருந்தவர்களே. எங்கள் ஹட்டியில் (படகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) உப்பு ஹப்பா திருவிழா அன்று குழி வெட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி மாடுகளைக் குடிக்கவிடுவோம். எங்கள் வீட்டில் கறவை நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும், மாடு இல்லாத வெறும் குழியில் என் பாட்டி உப்புத் தண்ணீர் ஊற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தொதவர்களிடமும் எருமைக்கு உப்பு கொடுக்கும் சடங்கு உண்டு. மேய்ப்பவர் ஒரு சாதி, உழுபவர் வேறொரு சாதி என்ற கோட்டை யார் வரைந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை; என் வீட்டுக்குள் அந்தக் கோடு இல்லை.

பழைய பண்டமாற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகர் தானியம் கொடுத்தார்கள், தொதவர் நெய்யும் பாலும் கொடுத்தார்கள், கோத்தர் மண்பானையும் இரும்புக் கருவியும் செய்து கொடுத்துச் சாவுக்கும் விழாவுக்கும் கொட்டடித்தார்கள் என்று பள்ளிக்கூடக் கட்டுரை போல இனிமையாக எழுதுகிறார்கள். அதில் மேல்கீழும் இருந்தது, பயமும் இருந்தது. எங்கள் முன்னோர் ‘குடு’ கொடுத்ததை நிறுத்தியபோது அவர்களுக்குக் கிடைத்த நிம்மதியையும் கணக்கில் வைக்க வேண்டும். பழைய முறை திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால், அதில் யார் எந்த இடத்தில் நிற்பார் என்று முதலில் கேட்பேன்.

மேல்மலைப் பூண்டு:

பழனி மலையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொடைக்கானலுக்கு மேற்கே மேல்மலையில் ஒரு கிராமம். எங்களிடம் தொதவர்களைப் போன்ற மேய்ச்சல் சமூகம் இல்லை. ஆனால் மன்னவனூர்ப் பக்கம் புல்வெளி இருந்தது, அங்கே இன்றும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மீதிப் புல்வெளியைச் சீகையும் பைனும் தின்றுவிட்டன. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் மாடு மேய்ப்பதற்கு மாநிலம் முழுவதும் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. சுருக்கிய பிறகும் எங்கள் பகுதி அதற்குள்தான் வருகிறது.

எங்கள் பூண்டுப் பாத்தியை இப்போது மிதிப்பது காட்டு மாடு. அதன் மேல் யார் தொண்டுப்பட்டிச் சட்டம் போடுவது? புல்வெளி இருந்தவரை அவை மேலேயே நின்றன என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அடிவாரத்தில் வேறொரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்த நிலத்தில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடச் சொல்லி, ஆட்டு மந்தைக்காரரான கீதாரியை அழைப்பார்கள். இத்தனை ஆடு, இத்தனை இரவு என்று பேசி, பணமோ நெல்லோ கொடுத்து, கிடைக்காரருக்குச் சோறும் போடுவார்கள். இராமநாதபுரத்துக் கீதாரிகள் தஞ்சை வரைக்கும் இப்படியே போய் வருகிறார்கள். விவசாயி மந்தையை விலை கொடுத்து அழைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மோட்டார் போட்டு முப்போகம் ஆக்கிய இடங்களில் மட்டும் கிடைக்கு இடம் இல்லை, அங்கேதான் வாய்ச்சண்டையும் வருகிறது.

பழைய நில அளவர்:

மேல்மலை நண்பர் சொன்னதுதான் என் கருத்தின் சாரம். நைஜீரியாவைப் பற்றி இழையைத் தொடங்கியவர் எழுதினார். அதற்கு வடக்கே நைஜர் என்ற நாடு இருக்கிறது. அறுவடை முடிந்து வயல்களை மந்தைகளுக்குத் திறந்துவிடும் நாள் இன்னது என்று அங்கே அதிகாரிகள் அறிவிப்பார்கள். அந்த நாளுக்கு முன்பு மாடு வயலில் இறங்கினால் குற்றம் மாட்டுக்காரர் மேல். மந்தை போகும் வழித்தடத்தை உழுதால் குற்றம் விவசாயி மேல். 2010இல் மேய்ச்சலுக்கென்றே தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். அதனால் அங்கே சண்டை ஓய்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. மழை தவறும் ஆண்டில் நாள் குறிப்பதிலேயே தகராறு வருகிறது. ஆனால் சண்டை போடுவதற்கு அங்கே ஒரு தேதியாவது இருக்கிறது.

நம் நாட்டிலும் ஏட்டளவில் குறைவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஓரிடத்தில் இருப்பவரின் மேய்ச்சலையும் இடம்பெயர்ந்து மேய்ப்பவரின் பருவகால உரிமையையும் சமூக உரிமைகளில் சேர்த்திருக்கிறது. தொதவர்கள் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளின் பட்டியலில் இருப்பவர்கள். ஆனால் அது வனத்துக்குள் செல்லுபடியாகும் சட்டம். பட்டா நிலத்துச் சதுப்பில் தை மாதம் யார் நிற்பது என்று அது சொல்லாது.

குத்தகைத் தோட்டம்:

ஐயா, மாதம் பிரித்துக்கொள்வது கேட்க நன்றாக இருக்கிறது. என் பக்கத்தையும் கேளுங்கள். கார்போகம் மழையில் அழுகினால் கடைபோகத்தில் தேற்றலாம் என்று இருப்பேன். கடைபோகம் பனியில் போனால் நீர்ப்போகம். மூன்றும் சேர்ந்தால்தான் குத்தகையும் விதையும் கூலியும் கட்டுப்படியாகும். நீர்ப்போகத்தில்தான் விலை நிற்கும், அதை எருமைக்காகச் சும்மா விடு என்றால் அந்த ஆண்டு நான் யாரிடம் வேலைக்குப் போவது? வட்டிக்காரர் தை மாதம் எருமை மாதம் என்று தள்ளிக் கொடுப்பாரா?

கற்பூர மரத்தடி:

நான் வனத்துறையில் தினக்கூலியாக இருந்து சீகைக் கன்று நட்டவன். பிற்காலத்தில் அதே சீகையைப் பிடுங்கும் வேலைக்கும் போனவன். இரண்டுக்கும் கூலி கிடைத்தது. பிடுங்கிய இடத்தில் முதல் ஆண்டு புல் வரவில்லை, சீகை விதைதான் மறுபடியும் முளைத்தது. மண்ணுக்குள் பல ஆண்டுகளுக்குக் கிடக்கும் விதை அது. புல்வெளியை மீட்டுத் தருகிறோம், எருமை மேலே போகட்டும் என்று யாராவது சொன்னால், எத்தனை ஆண்டில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹட்டியின் மகள்:

குத்தகைத் தோட்டம் அண்ணாவின் கணக்கு நியாயமானது. ஆனால் அதில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை லாரி கோழி எரு சமவெளியிலிருந்து இறக்குகிறீர்கள்? 1961இல் ஊட்டிப் பக்கத்தில் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது முதல், ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், மாற்றிப் போடுங்கள் என்று வேளாண் அலுவலர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். என் தந்தையார் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பாத்தியைப் புல்லுக்கு விடுவார். அந்த ஆண்டு மந்திலிருந்து எருமை வந்து நிற்கும், சாணம் எங்களுக்கு. யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. தேயிலைக்கு மாறிய பிறகு எங்களுக்கு எருவும் வேண்டியிருக்கவில்லை, எருமைக்காரர் எங்கள் வாசலுக்கு வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வழக்கம் அறுந்த இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் எங்கள் பங்கும் இருக்கிறது.

கோர்ட்டுப் படிக்கட்டு:

எழுதாத ஒப்பந்தத்தை இந்தக் காலத்தில் நம்ப வேண்டாம் என்பதே என் தொழில்முறை ஆலோசனை. குறைந்தது ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

குத்தகைத் தோட்டம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நில அளவர் ஐயா சொன்னபடி சர்வே எண்ணைப் பார்த்தேன். இரண்டு ஏக்கரில் மேல் பாதி, நான் குத்தகைப் பணம் கொடுப்பவரின் பட்டா. கீழ்ப் பாதி, அதாவது அந்தச் சதுப்பு, மந்துப் பட்டா. இடையில் இருப்பவர் அதைச் சேர்த்தே எனக்கு விட்டிருக்கிறார். மந்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஏழு எருமைகளும் வேலியைத் தாண்டித் தங்கள் நிலத்துக்குள்தான் வந்திருக்கின்றன.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மந்துக்குப் போனேன். மந்துக்காரன் தம்பியும் அங்கே இருந்தார். இத்தனை நாளும் இங்கே பேசிக்கொண்டிருந்தவர்தான் அவர் என்று எனக்குச் சற்று நேரம் கழித்தே விளங்கியது. அவருடைய பெரியப்பா முதலில் மோர் கொடுத்தார், பிறகுதான் பேச ஆரம்பித்தார். பிளந்துபோன கேரட்டுக்குப் பணம் தருவதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓடையோரம் சதுப்பின் கீழ்ப்பகுதியில் கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தை மார்கழி முதல் மாசி முடியும்வரை பாத்தி கட்டாமல் விடுவது, எருமை அங்கே இறங்க வேலியை நான்கு முழம் உள்ளே தள்ளி வழி கொடுப்பது, மாசி கழிந்ததும் பட்டியில் சேர்ந்த சாணத்தை நான் அள்ளிக்கொள்வது என்பது வரைக்கும் பேச்சு வந்திருக்கிறது. வேலியைத் தள்ளிப் போடும் கல்லுக்கும் கம்பிக்கும் யார் செலவு என்பதில் நின்றுவிட்டது. பெரியப்பா பாதி தருவதாகச் சொல்கிறார். இடையில் இருப்பவரும் தர வேண்டும் என்பது என் வாதம். அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

பழைய நில அளவர்:

அந்தக் கால் ஏக்கரை அடங்கலில் தரிசு என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. கிராம நிர்வாக அலுவலர் வரும்போது, மேய்ச்சல் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

மந்துக்காரன்:

கல் எங்களிடம் இருக்கிறது, பழைய தொழுவத்துக் கல். கம்பி மட்டும் வாங்கினால் போதும் என்று பெரியப்பா சொல்லச் சொன்னார். புதன்கிழமை பகலில் வாருங்கள் அண்ணா. காலையில் எருமை அவிழ்க்கும் நேரத்தில் வேண்டாம், புது ஆளைக் கண்டால் முட்டும்.